ஜேர்மன்காரன் வைத்த புள்ளி

திருட்டுப் போன கிட்டார் பொலிஸ் மேசை மேல் கிடந்தது. திருடியதாகச் சொல்லப்பட்டவர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பறிகொடுத்தவர் நாலு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். துப்பறிய எதுவுமே மிச்சமில்லாத இந்த வழக்குக்குத்தான் வேலம்மா தர்மராஜாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் வேலம்மாவின் கணவர் சுந்தரலிங்கம்.

தர்மராஜா முன்பு ரயில்வேயில் காணாமற்போன சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடுவதால், வழியில் இறக்க மறந்த பெட்டி, குடை, பலாப்பழம், ஒருமுறை தூங்கிப்போன ஒரு மாப்பிள்ளை என்று எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். ஓய்வு பெற்ற பிறகும் சனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆகவே கடைவீதியில், பாறூக்கின் மிளகுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசை, இரண்டு கதிரை போட்டு, 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினார். வாடகைக்குப் பதிலாகப் பாறூக் கேட்டது உதவியாளர் பதவி. மறுக்க முடியவில்லை. வேனும் பாறூக்குடையதுதான்; இன்றைக்கும் அதை ஓட்டிக்கொண்டு அவரும் வந்திருந்தார்.

"இதுல என்னத்தத் துப்பறியப்போறீங்க, மிஸ்டர் தர்மராஜா?" என்றார் சார்ஜன்ட். அவர் சிங்களவர். மாத்தளைச் சந்தையில் பழகிய தமிழ் அவருடையது. "கம்ப்ளேன்ட் இருக்கு. சாமான் இருக்கு. ஆள் இருக்கு. இப்படிச் சுத்தமா ஒரு கேஸ் எனக்குக் கிடைச்சதே இல்ல. கெடுத்துப்போடாதீங்க."

"பார்க்க மட்டும்தான் வந்தேன் சார்ஜன்."

"போன முறையும் அப்படித்தான் சொன்னீங்க."

புகாரைக் கொடுத்தவர் ஊரின் பெரிய வக்கீல், புரொக்டர் மகேந்திரராஜா. ஜேர்மன் தேசத்து மேதை ஒட்டோ லோமன் தம் கைப்படச் செய்த அபூர்வமான கிட்டார் நேற்றுத் தம் வீட்டிலிருந்து களவு போனது. உள்ளே ஒட்டிய லேபலில் மேதையின் கையெழுத்தும் 117 என்ற இலக்கமும் உண்டு. உலகத்தில் 117 ஒன்றுதான் உண்டு. மற்ற மூன்றரைப் பக்கமும் துக்கம்.

இன்று காலை ஒரு கான்ஸ்டபிள் சுந்தரலிங்கத்தின் வீட்டைத் தாண்டிப் போகும்போது கிட்டார் சத்தம் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தார். வாங்கிப் பார்த்தார். உள்ளே ஒட்டோ லோமன், 117.

சுந்தரலிங்கம் 'நட்மெக் பிரதர்ஸ்' என்ற இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். மாத்தளையில் கல்யாண மண்டபம் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் அந்தக் குழு உண்டு. குழுவில் மூன்று பேர். மூவரும் சகோதரர்கள் இல்லை.

"சுந்தரலிங்கம், இது யாரோட கிட்டார்?" என்று கேட்டார் தர்மராஜா.

"என்னோடதுங்க."

"எங்க வாங்கினீங்க?"

சுந்தரலிங்கம் தரையைப் பார்த்தார். "வாங்கலங்க."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் சார்ஜன்ட் சந்தோஷமாக. "வாங்கலைன்னு அவரே சொல்றார்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் இல்ல. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போகணும். அங்க சொல்லட்டும்."

வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, இந்தக் கிட்டார் எங்க வீட்டுல அஞ்சாறு வருசமா கிடக்கு. நான் கட்டில் மாத்திப் போட்டாக்கூட முதல்ல இதைத்தான் தூக்கி வைக்கணும். எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா மட்டும் இந்த மனுசன் வாயத் திறக்க மாட்டேங்குறார்."

தர்மராஜா கிட்டாரைக் கையில் எடுத்தார். வயிறு வெறுமையாக, நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக வயலினுக்கு இருப்பதுபோல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளைந்த துளைகள் வைத்த பழைய பாணிக் கிட்டார். இடப்பக்கத் துளை வழியாக லேபல் தெரிந்தது. சார்ஜன்டின் டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்தார். பிறகு கையை நீட்டினார். பாறூக் தன் சட்டைப்பையிலிருந்து, தலைவாரும்போது பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தர்மராஜா அதை ஒரு குச்சியில் கட்டித் துளைக்குள் விட்டு, மேற்பலகையின் உட்புறத்தைப் பார்த்தார்.

"என்ன தெரியுது அண்ணே?"

"எழுத்து. பலகையில அச்சுக் குத்தியிருக்கு. பி, ஓ, பி."

"பி ஓ பியா? அது தேயிலைத் தரமாச்சே. ஜேர்மன்காரன் தேயிலைப் பெட்டியை உடைச்சா கிட்டார் செஞ்சான்?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். இனிமே தட்டினா தேத்தண்ணி வருதான்னும் பார்த்திடுங்க." அதற்குள் பாறூக்கின் சட்டையிலிருந்து கிளம்பிய மிளகுத்தூள் சார்ஜன்டின் மூக்கை எட்டியது. அவர் தும்ம ஆரம்பித்தார். நாலு தும்மல் முடியும்வரை விசாரணை நின்றது.

"போலி லேபல்னு இப்பவே சொல்லிடுங்களேன்," என்றார் பாறூக் அந்த இடைவெளியில்.

"சொன்னா என்ன ஆகும்? அப்போ புரொக்டர்கிட்ட இருந்ததும் போலின்னு ஆகும். அவர் போலியை இவர் திருடினார்னு கேஸ் நிக்கும். போலியையும் திருடக்கூடாதுதானே."

தர்மராஜா மறுபடி லேபலைப் பார்த்தார். வளைவும் நெளிவுமாக, ஆங்கில எழுத்தில் கறுப்பு மைக் கையெழுத்து. கொடி படர்வதுபோல் எழுதியிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு மேசைத் தூசியில் விரலால் தமிழில் எழுதினார்: ஒட்டோ லோமன்.

"பாறூக், இதுல எங்கெங்க புள்ளி வருது?"

"ரெண்டு 'ட'வுல முதலாவதுக்கு. அப்புறம் கடைசி 'ன'வுக்கு."

"இப்போ உள்ள பார்."

பாறூக் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஆங்கிலக் கையெழுத்தில் இரண்டு 'டீ' இருந்தன. முதல் 'டீ'யின் தலைக்கு மேல் ஒரு புள்ளி. இரண்டாவதற்கு இல்லை. கடைசி 'என்' எழுத்தின் தலைக்கு மேல் இன்னொரு புள்ளி.

"ஜேர்மன்காரன் எழுத்துக்கு மேல புள்ளி வைப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணே."

"அது ரெண்டு ரெண்டா வைக்கிறது. அதுவும் உயிரெழுத்துக்கு மேல. இவன் மெய்யெழுத்துக்கு மேல ஒத்தைப் புள்ளி வச்சிருக்கான்."

பாறூக் நிமிர்ந்தார். "அப்போ ஒட்டோவுக்குத் தமிழ் இலக்கணம் தெரியும்."

"தவறே இல்லாமத் தெரியும்," என்றார் தர்மராஜா.

வெளியே வந்ததும் அவர் தன் கணக்கைச் சொன்னார். இவ்வளவு வளைவாக எழுதுகிறவன் எழுதுவதையே தொழிலாகச் செய்கிறவன். கை பழகிப்போய்த் தன்னை அறியாமல் புள்ளி வைக்கிறவன், லேபலில் மட்டும் வைத்துவிட்டு நிறுத்தியிருக்க மாட்டான். மாத்தளையில் எழுதித் தொழில் செய்கிறவன் எங்கே எழுதுவான்? கடைப் பலகையில்.

ஆகவே இருவரும் திருகோணமலை வீதியில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். புடவைக் கடை, மருந்துக் கடை, இரும்புக் கடை. எந்த ஆங்கில எழுத்துக்கும் தலையில் புள்ளி இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் இன்னும் இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பத்துப் பேர். "ஹெலிகொப்டரா?" என்று ஒருவர் கேட்டார். "தெரியல, வட்டம் போடுதாம்," என்று இன்னொருவர் பதில் சொன்னார். கடலை விற்கிறவர் தள்ளுவண்டியைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். அம்மன் கோயில் திருப்பத்துக்கு வரும்போது ஒரு பஸ்ஸே நின்றுவிட்டது. கொண்டக்டர் இறங்கி வந்து பாறூக்கிடம் என்ன விசயம் என்று கேட்டார்.

"புள்ளி தேடுறோம்," என்றார் பாறூக்.

"கிடைச்சா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவரும் அண்ணாந்து பார்த்தார்.

கிடைத்தது. ஒரு சந்தின் வாயில் பச்சைப் பலகை. 'மொடர்ன் சலூன்' என்று ஆங்கிலத்தில் கொடி படர்ந்த எழுத்து. மொடர்ன் என்பதில் 'ஆர்' தலையில் ஒன்று, 'என்' தலையில் ஒன்று. சலூனின் 'என்' தலையில் ஒன்று.

"மூணு புள்ளி," என்றார் பாறூக். "பள்ளிக்கூடப் பரீட்சையில எனக்கு இவ்வளவு கிடைச்சதில்ல."

பலகை எழுதியது யார் என்று கேட்டதும் சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தாமலேயே சொன்னார். அலுவிகாரையில் இருக்கும் அப்துல் ஸமத்.

அலுவிகாரையில் வீதியோரமாக ஒரு லொறி நின்றது. அதன் பின்பலகையில் ஸமத் மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார். வயதானவர். தொப்பியிலும் தாடியிலும் நீலச் சாயம்.

"ஸமத் நானா," என்று சலாம் சொல்லிவிட்டுப் பாறூக் கேட்டார், "இங்கிலீஷ் எழுத்துக்கு ஏன் புள்ளி வைக்கிறீங்க?"

"வைக்காட்டி 'மொடரன சலூன'ன்னு வாசிப்பாங்களே," என்றார் ஸமத். அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

"ஒட்டோ லோமனுக்கும் அதனாலதான் வச்சீங்களா?" என்றார் தர்மராஜா.

தூரிகை மயிலின் கண்ணில் நின்றது. "எந்த ஒட்டோ? எனக்கு ஒரு ஒட்டோவையும் தெரியாது."

"அந்தக் கையெழுத்து மாதிரி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல நானா. என்ன வளைவு."

ஸமத் சற்று யோசித்தார். தெரியாது என்று சொன்னதைக் காப்பாற்றுவதா, வளைவைப் பற்றிப் பேசுவதா என்று அவர் தடுமாறுவது தெரிந்தது. வளைவுதான் வென்றது.

"அந்த 'எல்'லை மட்டும் பத்துத் தரம் எழுதிப் பார்த்தேன்," என்றார். லொறிப் படியில் உட்கார்ந்து, எதிர்க் கடையில் மூன்று பிளேன்டீ சொன்னார்.

ஐந்தாறு வருடத்துக்கு முன், எழுபத்துநாலில் நடந்த கதை. அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது. கிட்டார் கம்பிகூடத் தங்கம் மாதிரி. ஒருவன் தேயிலைப் பெட்டிப் பலகையை வளைத்து, பலா மரத்தில் கழுத்து வைத்து ஒரு கிட்டார் செய்துகொண்டு வந்தான். நல்ல சத்தம். ஆனால் மாத்தளையில் செய்தது என்று சொன்னதும் ஒருவரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அழாத குறையா இப்படித்தான் ஒரு லொறிப் படியில வந்து உட்கார்ந்தான். நான்தான் சொன்னேன், அப்போ தூரத்துல செஞ்சதுன்னு சொல்லேன்டான்னு. பேர் வேணுமே. பலகையை ஒட்டி ஒட்டிச் செஞ்சது, அதனால ஒட்டோ."

"லோமன்?"

"முன்னால சோடாப் போத்தல் இருந்திச்சு. லெமன். கொஞ்சம் மாத்தினேன்."

பாறூக் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டார். குடிக்க முடியவில்லை.

"நூத்திப் பதினேழு?"

"என் வீட்டு நம்பர். அச்சுக்காரன் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நம்பர் போட முடியாதுன்னுட்டான். அஞ்சுக்கும் அதே நம்பர்தான்."

"அஞ்சு செஞ்சாரா?"

"அஞ்சு. லேபல் ஒட்டி ஒரு கடையில வச்சதும் சனம் தேடி வந்து வாங்கினாங்க. ஒண்ணு ஒரு எஸ்டேட் தொரைக்கு. ஒண்ணு வில்கமுவ எஞ்சினியருக்கு. ஒண்ணு புரொக்டருக்கு. ஒண்ணு பொலிஸ்ல பெரிய ஐயாவுக்கு. கடைசியா ஒண்ணு தனக்குன்னு வச்சுக்கிட்டான்."

"இப்போ அந்த ஒட்டோவை எங்க பார்க்கலாம் நானா?"

"காலையில வரைக்கும் வீட்டுலதான் இருந்தான். இப்போ பொலிஸ்ல புடிச்சு வச்சிருக்காங்களாம்," என்றார் ஸமத் வருத்தமாக. "கிட்டார் திருடினான்னு பேசிக்கிறாங்க. அவன் எதுக்குத் திருடணும்? வேணும்னா இன்னொண்ணு செஞ்சுக்குவானே."

இருவரும் வேனில் ஏறினார்கள்.

"வாங்கலைன்னு சொன்னாரே," என்றார் பாறூக். "உண்மையத்தான் சொல்லியிருக்கார். செஞ்சவர் எதுக்கு வாங்குறார்?"

"அதுக்கு மேல சொன்னா மாட்டிக்குவார். திருடலைன்னு காட்டணும்னா ஏமாத்தினேன்னு ஒத்துக்கணும். நாலு பேரை."

"அதுல ஒருத்தர் புரொக்டர், ஒருத்தர் பொலிஸ். ஆள் பார்த்து ஏமாத்தவும் தெரியல பாவம்."

"அதனால ஒட்டோ யாருன்னு நாம சொல்லக் கூடாது," என்றார் தர்மராஜா. "புரொக்டரோட கிட்டார் எங்க இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும். வண்டிய அங்க விடு."

புரொக்டர் வீட்டு வாசலில் வாழை மரம் கட்ட ஆள் வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மகேந்திரராஜா கிட்டார் இருந்த அறைக்கு அவர்களைத் தானே அழைத்துப் போனார். பெரிய உருவம், மெல்லிய மனசு.

"கல்யாணத்துல மூணு பாட்டு வாசிக்கிறதா இருந்தேன் மிஸ்டர் தர்மராஜா. என் பிள்ளைக்கு என் பரிசு. தினமும் விடிய முன்னாடி எழும்பிச் சாதகம் பண்ணினேன். நேத்து மத்தியானம் கோர்ட்டால வந்து பார்த்தா, இல்ல."

கட்டிலின் கீழே கறுப்புப் பெட்டி ஒன்று கிடந்தது. கிட்டார் வடிவத்தில் செய்து உள்ளே சிவப்பு வெல்வெட் தைத்த பெட்டி. தர்மராஜா அதைத் திறந்தார். காலி. கிட்டாரைத் துடைக்கும் துணிகூட மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பெட்டியை விட்டுட்டுப் போயிருக்கான்," என்றார்.

"ஆமா. கிட்டாரை மட்டும்தான் எடுத்திருக்கான். ரசனை உள்ள கள்ளன்."

தர்மராஜா ரயில்வேயில் இருந்தபோது எத்தனையோ கள்ளர்களைப் பார்த்திருக்கிறார். சாமானைப் பெட்டியோடு தூக்குகிறவன் உண்டு. சாமானை விட்டுப் பெட்டியை மட்டும் தூக்குகிறவனும் உண்டு. கைப்பிடி வைத்த பெட்டி காலடியில் கிடக்க, பட்டப்பகலில், கல்யாண வேலைக்கு ஆட்கள் வந்து போகும் வீட்டிலிருந்து கிட்டாரை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வீதியில் நடந்தவனை அவர் பார்த்ததில்லை. அப்படி நடந்திருந்தால் மாத்தளையே பார்த்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. அப்படியானால் அது வீதிக்குப் போகவில்லை.

"சேர், பாறூக்குக்கு உங்க பாட்டுன்னா உசிரு," என்றார். "அந்த மூணு பாட்டையும் கொஞ்சம் பாடிக் காட்டுங்க. நான் அம்மாகிட்ட ஒரு வாய் தண்ணி கேட்டுட்டு வாறேன்."

பாறூக் அவரைப் பார்த்த பார்வையில் பல வருட நட்பு ஆட்டம் கண்டது.

சமையலறையில் புரொக்டரின் மனைவி சுசீலாதேவி பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் பாட்டு தொடங்கியது. அவர் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"அம்மா, கிட்டார் எங்க இருக்கு?" என்று கேட்டார் தர்மராஜா.

சலிக்கிற கை நிற்கவில்லை. "களவு போயிட்டுதுன்னு பொலிஸ்ல சொல்லியிருக்கார். கல்யாணம் முடியட்டும், தானா கிடைக்கும்."

"பொலிஸ்ல ஒரு ஆளைப் புடிச்சிட்டாங்கம்மா."

அரிதட்டு நின்றது. "ஆளையா? எந்த ஆள்? திருடினாத்தானே புடிக்கிறதுக்கு?"

"சுந்தரலிங்கம். நட்மெக் பிரதர்ஸ்."

"ஐயோ," என்று மெதுவாகச் சொல்லிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார் சுசீலாதேவி. "கல்யாணத்துக்கு வாசிக்க நானே பேசி வச்ச ஆள் அவர். தேடுவாங்க, கிடைக்கலைம்பாங்க, அதோட முடியும்னு நினைச்சேன். அந்த மனுசனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கே."

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

முன்னறையில் பாட்டு ஒரு மேட்டில் ஏறி, ஏற முடியாமல், பக்கத்து மேட்டுக்குத் தாவியது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. சுசீலாதேவி அந்தப் பக்கம் கையைக் காட்டினார். வேறு விளக்கம் தரவில்லை.

பிறகு எழுந்து, கல்யாணத்துக்கு வாங்கிக் கொட்டிய அரிசிப் பெட்டியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டார். முதலில் கழுத்து வந்தது. பிறகு முழுக் கிட்டாரும் அரிசி சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

"நானே வந்து சொல்றேன்," என்றார். "ஒரு புடவையை மட்டும் மாத்திக்கிறேன்."

இரண்டு கிட்டார்களும் பொலிஸ் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சார்ஜன்ட் ஒன்றுக்குள் டோர்ச் அடித்தார். மற்றதற்குள் அடித்தார். மறுபடி முதலாவதற்குள். இரண்டாவதை நிமிர்த்தும்போது அதன் வயிற்றில் மழை பெய்வதுபோல் அரிசி ஓடியது.

"ஒட்டோ லோமன், நூத்திப் பதினேழு," என்றார். "இதுவும் ஒட்டோ லோமன், நூத்திப் பதினேழு. மிஸ்டர் தர்மராஜா, கெடுத்துப்போடாதீங்கன்னு சொன்னேன்தானே."

கணவரின் முகத்தைப் பார்க்காமல் சுசீலாதேவி சொல்லி முடித்தார். நான்தான் ஒளித்தேன். அரிசிப் பெட்டியில். திருட்டு ஒன்றும் இல்லை. அந்த மனுசனை விடுங்கள்.

மகேந்திரராஜாவுக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. அவருடைய கண் மேசையில் இருந்தது. அவருக்குள் இருந்த புரொக்டர் எழும்பிவிட்டார். "ஒரே இலக்கம் ரெண்டு இருக்க ஏலாது. அப்போ அந்தாளோடது போலி. ஒரு மேதையோட கையெழுத்தைப் போலியாப் போட்டிருக்காங்க. திருட்டை விட அது பெரிய குத்தம். சார்ஜன், இதை எழுதுங்க."

கம்பிக்குப் பின்னால் சுந்தரலிங்கம் எழுந்து நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார். வேலம்மா அவரைப் பார்த்தார். தர்மராஜா அவரைப் பார்க்காமலேயே பேசினார்.

"எழுதலாம் சார்ஜன். ஆனா எது போலின்னு நாம எப்படிச் சொல்றது? ரெண்டையும் கொழும்புக்கு அனுப்பி உடைச்சுப் பார்க்கணும். வேற யார்கிட்டயாவது ஒட்டோ லோமன் இருந்தா அதையும் அனுப்பணும்."

சார்ஜன்ட் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "நம்ம பெரிய ஐயாகிட்ட ஒண்ணு இருக்கு. பங்களாவுல. நான்தான் பொலிஷ் பண்ணுவேன்." அவர் மேசையில் இருந்த இரண்டு கிட்டாரையும் மறுபடி பார்த்தார். "இப்பத்தான் ஞாபகம் வருது, அதுலயும் நூத்திப் பதினேழுதான்."

வெளியே ஒரு டிராக்டர் போய் முடிந்தது. பெரிய ஐயாவின் கிட்டாரைக் கேட்டு யார் கடிதம் எழுதுவது என்று சார்ஜன்ட் யோசித்தார். போலிக் கிட்டாரை ஐந்தாறு வருடமாக ஊரெல்லாம் காட்டித் திரிந்த புரொக்டரை ஊர் எப்படிக் கூப்பிடும் என்று மகேந்திரராஜா யோசித்தார். கோர்ட்டில் எதிர்த் தரப்பு அதை எப்படிச் சொல்லும் என்றும் யோசித்தார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யோசிச்சுப் பார்த்தா," என்றார், "ஜேர்மன்காரங்க நூத்திப் பதினேழுன்னு போடுறது மொடல் நம்பர்."

"மொடல் நம்பர்," என்றார் சார்ஜன்ட் உடனே.

"கார்ல போடுவாங்களே, அது மாதிரி," என்றார் பாறூக்.

"அப்போ எல்லாத்துலயும் அதேதான் இருக்கும்," என்றார் தர்மராஜா.

சார்ஜன்ட் கதவைத் திறந்தார். சுந்தரலிங்கம் வெளியே வந்தார். புகாரை மகேந்திரராஜாவே வாங்கி நாலாய்க் கிழித்தார். எல்லாம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோதுதான் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். மீதிப் பாதி இப்போதுதான் அவருக்கு எட்டியிருந்தது.

"சுசீலா, நீயா ஒளிச்சே? என் பிள்ளையோட கல்யாணத்துல நான் வாசிக்கக் கூடாதுன்னா?"

சுசீலாதேவி மேசையில் சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அவ்வளவு மோசமாவா வாசிக்கிறேன்?"

சார்ஜன்ட் கூரையைப் பார்த்தார். பாறூக் வழக்கமாக இப்படியான இடத்தில் எதையாவது சொல்லிவிடுவார். அன்று அவரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர் ஒருவர் பொலிஸ் மேசைக்கு முன்னால் அப்படி நிற்பதைப் பார்க்க ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

"உங்க பிழை இல்லங்க ஐயா," என்றது ஒரு குரல். சுந்தரலிங்கம்.

அவர் அரிசி ஓடும் கிட்டாரைத் தூக்கி, துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். "கழுத்து வளைஞ்சிருக்கு. மரம் சரியாக் காயாம வச்சது. நீங்க எங்க அமத்தினாலும் சுதி சேராது. இதுல எவன் வாசிச்சாலும் நாய் குரைக்கும்."

"மரம் காயாம வச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுந்தரலிங்கம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை. "மழைக் காலத்துல செஞ்சதுங்க. அவசரம்," என்றார். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகேந்திரராஜா அவரையே பார்த்தார். பிறகு துளைக்குள் லேபலைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர். கிழித்த புகார் அவர் கையிலேயே இருந்தது. சார்ஜன்ட் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை போதும்.

"ஒட்டோ," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "இதை நேராக்க முடியுமா?"

"முடியுங்க ஐயா."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள?"

சுந்தரலிங்கத்தின் பார்வை ஒரு கணம் சுசீலாதேவி பக்கம் போனது. அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அது மட்டும் முடியாதுங்க," என்றார் சுந்தரலிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை நட்மெக் பிரதர்ஸ் வாசித்தார்கள். புரொக்டர் கேட்டிருந்த அந்த மூன்று பாட்டையும் சுந்தரலிங்கம் வாசிக்க, மகேந்திரராஜா முன் வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டார். மூன்றாவது பாட்டில் அழுதார். அந்த மூன்றும் பாட்டுகள்தான் என்று பாறூக்குக்கு அன்றுதான் தெரிந்தது.

சித்திரை பிறந்ததும் புரொக்டரின் கிட்டார் கழுத்து நேராகித் திரும்பி வந்தது. சுதி அருமையாகச் சேர்ந்தது. அப்போதுதான் மகேந்திரராஜாவுக்குத் தன் விரல்கள் செய்வது தெளிவாகக் காதில் விழுந்தது. கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சுந்தரலிங்கத்தின் வீட்டுக்கே பாடம் படிக்கப் போக ஆரம்பித்தார். சனிக்கிழமை தோறும் போவார். சுசீலாதேவி அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். வேலம்மா சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போனால், இருட்டித்தான் வீடு திரும்புவார்.